அட்லாண்டா பள்ளிகளும் அழிப்பான் எழுதிய மதிப்பெண்களும்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் ஒரு நீதிமன்றம். குற்றஞ்சாட்டப்பட்டு அமர்ந்திருந்த 12 பேரில் கொள்ளைக்காரர் யாருமில்லை, போதைப்பொருள் கடத்தியவரும் இல்லை. ஆசிரியர்கள், தேர்வு ஒருங்கிணைப்பாளர்கள், ஒரு தலைமையாசிரியர், சில கல்வி அதிகாரிகள். எட்டு நாள் கூடிப் பேசிய ஜூரிகள் 11 பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். ஒருவர் மட்டும் விடுவிக்கப்பட்டார். தண்டனை அறிவிக்கும் நாள்வரை ஜாமீனில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நீதிபதி ஜெரி பாக்ஸ்டர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் அங்கேயே கைவிலங்கிடப்பட்டுச் சிறைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

அவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடையை அழிப்பானால் அழித்துவிட்டுச் சரியான விடையைப் பென்சிலால் கருமையாக்கினார்கள், அல்லது மற்றவர்கள் அப்படிச் செய்ய வழிவிட்டார்கள் என்பதுதான் வழக்கு. அதற்குப் பயன்பட்ட சட்டமோ, மாஃபியா கும்பல்களை ஒடுக்குவதற்காகக் கொண்டுவரப்பட்ட 'ரிகோ' எனும் கூட்டுச்சதிச் சட்டம். அழிப்பானுக்கும் மாஃபியாவுக்கும் என்ன தொடர்பு என்று சிரித்துவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் அந்த நகரத்தின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

பள்ளிக்கூடத்துக்காகப் போராடிய நகரம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. அமெரிக்காவில் அப்படியன்று. ஒவ்வொரு நகரமும் வட்டாரமும் தனக்கென ஒரு பள்ளி மாவட்டத்தை வைத்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்துப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம் 'சூப்பரின்டெண்டென்ட்' என்ற தலைமை நிர்வாகியைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறது. தேர்வில் பள்ளிகள் சரிந்தால் முதலில் போவது அவருடைய வேலை.

அட்லாண்டா பொதுப்பள்ளிகள் 1872இல் தொடங்கப்பட்டன. அப்போது கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை சில தொடக்கப்பள்ளிகள் மட்டுமே. அவர்களுக்கென ஓர் அரசாங்க உயர்நிலைப்பள்ளி அந்நகரில் திறக்கப்பட்ட ஆண்டு 1924. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது. அதுவும் யாரோ மனமுவந்து தந்த கொடையல்ல. வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள், தங்களுக்குப் பள்ளி கிடைக்காவிட்டால் நகராட்சியின் கடன் பத்திரத் திட்டங்களை வாக்கெடுப்பில் தோற்கடிப்போம் என்று நின்று வாங்கியது. புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப்பள்ளி என்ற அந்தப் பள்ளியில்தான் பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் பயின்றார்.

இனப்பிரிப்புப் பள்ளிகள் செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அட்லாண்டாவில் அது நடைமுறைக்கு வர ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1961 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் காலெடுத்து வைத்தார்கள். கலவரமில்லாமல் நடந்ததற்காக அதிபர் கென்னடியே அந்நகரைப் பாராட்டினார். ஆனால் பாராட்டு அடங்குவதற்குள் வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டன. கலந்து படிக்க வைக்க வெள்ளைப் பிள்ளைகளே போதாத நிலை வந்தது.

அதன்பின் 1973இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரின் மறுபக்கப் பள்ளிகளுக்கு அனுப்பும் பெரிய திட்டத்தைக் கறுப்பினத் தலைவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குப் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகப் பதவிகள் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தன. அலோன்சோ கிரிம் என்பவர் முதல் கறுப்பின சூப்பரின்டெண்டென்டாகப் பொறுப்பேற்றார். தேசிய அளவில் மனித உரிமை இயக்கத்தினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். உள்ளூர்த் தலைவர்களின் எண்ணம் வேறாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் கற்பதற்குப் பக்கத்து நாற்காலியில் வெள்ளைப் பிள்ளை இருந்தாக வேண்டுமா, பள்ளிகளை எங்கள் கையில் கொடுங்கள், கற்பித்துக் காட்டுகிறோம் என்பது அவர்கள் நிலை.

அந்த வாக்குறுதியின் எடை அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு நிர்வாகியின் தோளிலும் ஏறியது. 1990களின் இறுதியில் மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள், பெரும்பாலோர் ஏழைகள். அந்தச் சூழலில்தான் 1999இல் பெவர்லி ஹால் அம்மையார் வந்து சேர்ந்தார்.

எண்களை நம்பிய காலம்

ஜமைக்காவில் பிறந்து, நியூயார்க்கில் ஆசிரியராகத் தொடங்கி, நியூவர்க் நகரப் பள்ளிகளை நிர்வகித்தவர் பெவர்லி ஹால். பேச்சில் நிதானம், வேலையில் கண்டிப்பு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் மதிப்பெண் இலக்கு நிர்ணயித்தார். இலக்கை எட்டிய பள்ளியில் ஊழியர் அனைவருக்கும் ஊக்கத்தொகை உண்டு. எட்டாத தலைமையாசிரியருக்கு மூன்றாண்டு அவகாசம், பிறகு வெளியே. சொன்னபடி செய்தார். அவர் காலத்தில் மாவட்டத்தின் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் மாற்றப்பட்டார்கள்.

அவர் வந்த மூன்றாம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. 2002 ஜனவரி 8ஆம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட அச்சட்டத்தின் பெயர், 'எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது' என்று பொருள்படும். பெயரைக் கேட்டால் யாருக்குத்தான் எதிர்க்க மனம் வரும்? மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு, கறுப்பினப் பிள்ளைகள், ஏழைகள், உடற்குறையுள்ளோர் என ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியையும் தனித்தனியே வெளியிடுதல் ஆகியவை அதன் விதிகள். சராசரிக்குள் ஒளிந்துகிடந்த ஏழைப் பிள்ளையின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் இச்சட்டத்துக்கு உள்ள பெருமையை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதில் இன்னொரு விதியும் இருந்தது. 2014ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு நூறு மாணவர்களும் தேர்ச்சி பெற வேண்டும். உலகில் எந்த நாடும் எட்டியிராத இலக்கு அது. தொடர்ந்து தவறும் பள்ளி படிப்படியாகத் தண்டிக்கப்படும். நிர்வாகம் மாறும், கடைசியில் பள்ளியே மூடப்படலாம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தாகும் வரை, எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளேடுகளில் பக்கம் பக்கமாக வந்ததை மலேசிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தேர்வு முதலில் பிள்ளையை எடைபோட்டது. ஜார்ஜியாவின் 'சி.ஆர்.சி.டி.' தேர்வு பிள்ளையைவிட அதிகமாகப் பள்ளியை எடைபோட்டது. சில வகுப்புகளைத் தவிர்த்துப் பிள்ளைக்கு அதனால் பெரிய லாபமோ நட்டமோ இல்லை. லாபமும் நட்டமும் பெரியவர்களுக்குத்தான். விடைத்தாள்களோ அந்தப் பெரியவர்களின் அலமாரியில்தான் இரவு தங்கின.

மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் கொடுப்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. 1862இல் பிரிட்டனில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறைப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்பவே பள்ளிக்கு மானியம். மெட்ராஸ் மாகாணத்திலும் அதே பாணியில் மானியம் வழங்கப்பட்டது. விளைவு, இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகப் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் 'வாசிக்கக்கூடிய' பிள்ளைகள் இருந்தார்கள் என்று அக்காலத்தவர் கேலி பேசினார்கள். கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமான மாத்தியூ ஆர்னல்ட் அம்முறையை விடாமல் கண்டித்தார். 1890களில் பிரிட்டன் அதைக் கைவிட்டது. பிறகு 1976இல் டொனால்ட் கேம்பல் என்ற அமெரிக்க சமூக அறிவியலாளர் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஓர் எண்ணை வைத்து எவ்வளவுக்கு அதிகமாக முடிவெடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த எண் கெட்டுப்போகும், அது அளக்க வந்த காரியத்தையும் கெடுக்கும் என்பது அதன் சாரம். சட்டம் இயற்றியவர்கள் இதையெல்லாம் அறியாதவர்களா? அறிந்திருந்தவர்களின் குரல் எடுபடவில்லை என்பதுதான் உண்மை.

அட்லாண்டாவின் மதிப்பெண்கள் ஏறின. ஆண்டுதோறும் ஜார்ஜியா டோம் விளையாட்டரங்கில் மாவட்டத்தின் ஊழியர்கள் ஒன்றுகூடுவார்கள். இலக்கை எட்டிய பள்ளியினருக்கு மைதானத்தில் இருக்கை, எட்டாதவர்களுக்கு மேலே பார்வையாளர் படிக்கட்டில். அந்த மைதானத்தில் உட்காருவது ஒரு தலைமையாசிரியருக்கு வேலை நிலைத்ததற்கான அடையாளம். பெவர்லி ஹாலுக்கு 2009இல் நாட்டின் சிறந்த சூப்பரின்டெண்டென்ட் விருது கிடைத்தது. பதவிக்காலத்தில் அவர் பெற்ற ஊக்கத்தொகை மட்டும் 500,000 டாலருக்கு மேல். நகரின் வணிகப் பெருமக்கள் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். நல்ல பள்ளிகள் உள்ள நகரத்துக்குத்தானே நிறுவனங்கள் வரும்!

பூட்டிய அறைக்குள்

கேள்வித்தாள் தேர்வுக்கு முன்பே வெளியாவது ஒரு வகை முறைகேடு. மலேசியாவில் 2014இல் யு.பி.எஸ்.ஆர். தாள்கள் கசிந்து, அறிவியல், ஆங்கிலம் முதலிய பாடங்களுக்குப் பிள்ளைகள் மீண்டும் தேர்வு எழுத நேர்ந்தது அந்த வகை. அட்லாண்டாவில் நடந்தது பெரும்பாலும் தேர்வு முடிந்த பிறகு.

ஒரு தொடக்கப்பள்ளியில் தேர்வு வாரம் முழுவதும் பிற்பகலில் ஏழு ஆசிரியைகள் சன்னல் இல்லாத ஓர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்' என்று அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. கையில் அழிப்பான், முன்னே விடைத்தாள் கட்டு. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கைரேகை படாமலிருக்கக் கையுறை அணிந்து அழித்ததாக ஒருவர் பின்னர் வாக்குமூலம் தந்தார். இன்னொரு பள்ளியில் வார இறுதியில் ஓர் ஆசிரியர் வீட்டில் கூடி, விருந்துபோல் விடைகளை மாற்றினார்கள். வேறொரு நடுநிலைப்பள்ளியில், கேள்வித்தாள் கட்டின் பிளாஸ்டிக் உறையைச் சவரக்கத்தியால் கீறித் திறந்து, படியெடுத்துவிட்டு, சிகரெட் பற்றவைக்கும் லைட்டரால் உருக்கி ஒட்டினார்கள்.

இதில் பங்கெடுக்க மறுத்தால்? மதிப்பெண் குறைந்த ஓர் ஆசிரியரை, சக ஆசிரியர்கள் பார்த்திருக்க, கூட்டத்தில் மேசைக்கு அடியில் தவழ்ந்து போகச் சொன்னார் ஒரு தலைமையாசிரியர் என்று விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. புகார் கொடுத்தவர்கள் மாற்றலானார்கள், வேலையிழந்தார்கள். நேர்மையாகக் கற்பித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சென்ற ஆண்டு பொய்யாக ஏறிய மதிப்பெண்தான் இந்த ஆண்டு இலக்கின் அடித்தளம். மூன்றாம் வகுப்பில் 'மிகச் சிறப்பு' என்று வந்த பிள்ளை, நான்காம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிறது. அந்த ஆசிரியை என்ன செய்வார்? உண்மையைச் சொன்னால் அவர்தான் மோசமான ஆசிரியை. இப்படி ஒரு வகுப்பின் பொய் அடுத்த வகுப்பின் பொய்யைக் கேட்டு வாங்கியது.

மேலே சொன்ன நடுநிலைப்பள்ளியின் பெயர் பார்க்ஸ். புதிய தலைமையாசிரியர் வந்த முதல் ஆண்டிலேயே, எட்டாம் வகுப்பில் கணிதத்தில் தேறியோர் 24 விழுக்காட்டிலிருந்து 86 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். வாசிப்பில் 35 விழுக்காடு 78 ஆனது. ஓராண்டில் நடக்கக்கூடிய காரியமா இது? கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

பென்சில் தழும்பு

கேள்வி கேட்டது ஒரு நாளேடு. 'அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்' இதழின் நிருபர்கள் 2008 டிசம்பரில், சில பள்ளிகளின் கோடைக்கால மறுதேர்வு மதிப்பெண்கள் நம்பமுடியாத அளவுக்கு ஏறியிருப்பதை எழுதினார்கள். 2009 அக்டோபரில் மாநிலம் முழுவதன் மதிப்பெண்களையும் அலசி மீண்டும் எழுதினார்கள். இதன்பிறகே மாநில அரசு விடைத்தாள்களைத் திரும்ப எடுத்தது.

விடைத்தாளை வாசிக்கும் இயந்திரம் கருமையான வட்டத்தை மட்டும் காண்பதில்லை. அழித்த இடத்தில் எஞ்சியிருக்கும் மங்கலான தழும்பையும் காணும். ஆகவே எந்த விடை அழிக்கப்பட்டு எது நிரப்பப்பட்டது என்று எண்ணிவிடலாம். பிள்ளைகள் தாமாகவே விடையை மாற்றுவது இயல்பு. சில சமயம் தவறிலிருந்து சரிக்கு, சில சமயம் சரியிலிருந்து தவறுக்கு. ஒரு வகுப்பு முழுவதும் மாநிலச் சராசரியைப் போல் பல மடங்கு அழித்திருந்து, அழித்ததெல்லாம் தவறிலிருந்து சரிக்கே போயிருந்தால், அங்கே பெரியவர் கை பட்டிருக்கிறது என்று பொருள். 2010 பிப்ரவரியில் முடிவு வெளியானபோது, மாநிலம் முழுதும் ஐந்தில் ஒரு பள்ளி சந்தேகத்துக்குள்ளானது. அட்லாண்டாவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

மிக மோசமான வகுப்புகளில் இது தற்செயலாக நடந்திருக்க முடியுமா என்பதற்கு விசாரணையாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். 70,000 பேர் அமரும் ஜார்ஜியா டோம் நிரம்பி வழிய, வந்த ஒவ்வொருவரும் தற்செயலாக ஏழடிக்கு மேல் உயரமாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, அவ்வளவு.

இருந்தும் நகரம் ஒப்புக்கொள்ளவில்லை. வணிகத் துறையினர் பெருவாரியாக இடம்பெற்ற உள்ளூர்க் குழு ஒன்று ஆராய்ந்து, பெரிய பிரச்சினை ஒரு டஜன் பள்ளிகளில்தான் என்றது. ஆளுநர் சோனி பர்டியூ அதை ஏற்கவில்லை. முன்னாள் அரசு தலைமை வழக்கறிஞர் மைக் பவர்ஸ், முன்னாள் மாவட்ட வழக்கறிஞர் பாப் வில்சன் இருவரையும், துப்பறிவதில் கைதேர்ந்த ரிச்சர்ட் ஹைடையும் 2010 ஆகஸ்டில் நியமித்தார். மாநிலப் புலனாய்வு அதிகாரிகள் பள்ளிகளுக்குள் நுழைந்து ஆசிரியர்களிடம் விசாரித்தார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்தச் சன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியை மனம் பொறுக்காமல் ஒப்புக்கொண்டார். உடையில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து வைத்துக்கொண்டு சக ஊழியர்களுடன் பேசவும் சம்மதித்தார். அதன்பின் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது.

2,100க்கு மேற்பட்ட நேர்காணல்கள், 800,000 ஆவணங்கள். 2011 ஜூலை 5ஆம் தேதி புதிய ஆளுநர் நேதன் டீல் முடிவுகளை வெளியிட்டார். ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு. 178 கல்வியாளர்கள் பெயர் குறிப்பிடப்பட்டார்கள், அவர்களில் 38 பேர் தலைமையாசிரியர்கள். 82 பேர் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள். பெவர்லி ஹாலுக்கு இது தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றது அறிக்கை. ஏமாற்றும்படி யாரிடமும் சொல்லவில்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார்.

அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்லாண்டா பிள்ளைகள் இன்னொரு தேர்வும் எழுதினார்கள். நாடளவில் சில மாணவர்களை மட்டும் மாதிரியாக எடுத்து நடத்தப்படும் 'நேப்' தேர்வு அது. அதில் பிள்ளைக்கும் மதிப்பெண் அட்டை இல்லை, பள்ளிக்கும் இல்லை. ஊக்கத்தொகையும் இல்லை, ஆகவே அழிப்பானுக்கும் வேலையில்லை. 2002க்கும் 2009க்கும் இடையே அந்தத் தேர்விலும் அட்லாண்டா முன்னேறியிருந்தது. ஊதிப்பெருக்கிய அளவுக்கு இல்லை, ஆனால் முன்னேற்றம் மெய்யானது. நேர்மையாக உழைத்த ஆசிரியர்கள் கொண்டுவந்த அந்தச் சிறு வளர்ச்சியும் பெரிய பொய்யின் நிழலில் காணாமல் போயிற்று.

தண்டனையும் கேள்விகளும்

2013 மார்ச்சில் பெவர்லி ஹால் உட்பட 35 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 21 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு விசாரணையைத் தவிர்த்தார்கள். இருவர் விசாரணைக்கு முன்பே இறந்தார்கள். ஒருவர் பெவர்லி ஹால். மார்பகப் புற்றுநோயால் 2015 மார்ச் 2ஆம் தேதி, தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு காலமானார். மிஞ்சிய 12 பேரின் வழக்கு, அதுவரையிலான ஜார்ஜியா வரலாற்றில் மிக நீண்ட குற்றவியல் விசாரணை என்று அப்போது பெயர் பெற்றது. அரசுத் தரப்பில் முன்னின்று வாதாடியவர் ஃபானி வில்லிஸ். அதே மாநிலத்தின் ரிகோ சட்டத்தைக் கொண்டு 2023இல் டோனல்ட் டிரம்ப் மீது வழக்குத் தொடுத்தவரும் இவரே.

தண்டனை நாளில் மேயராகவும் ஐ.நா. தூதராகவும் இருந்த ஆண்ட்ரு யங், வயது எண்பதைத் தாண்டிய நிலையில் நீதிமன்றத்துக்கு வந்து கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டார். குற்றஞ்சாட்டப்பட்டோர் கிட்டத்தட்ட அனைவரும் கறுப்பினத்தவர். மூன்று உயரதிகாரிகளுக்கு ஏழாண்டுச் சிறை என்று விதித்த நீதிபதி, இரண்டு வாரம் கழித்துத் தமக்கே அது கடுமையாகப் பட்டதால் மூன்றாண்டாகக் குறைத்தார். டெக்சாஸின் எல் பாசோ நகரில் இதைவிடக் கொடுமையாக, தேறமாட்டார்கள் என்று தோன்றிய மாணவர்களைத் தேர்வு வகுப்பிலிருந்தே காணாமற் செய்த சூப்பரின்டெண்டென்டுக்கு 2012இல் கிடைத்தது மூன்றரை ஆண்டு. சட்டத்தை எழுதியவர்கள், அடைய முடியாத இலக்கை நிர்ணயித்தவர்கள், கைதட்டிய வணிகர்கள் எவரும் எங்கும் விசாரிக்கப்படவில்லை. இந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் நெருக்குதல் எல்லாருக்கும் இருந்தது. அழிப்பானைத் தொடாத ஆசிரியர்களும் அதே பள்ளிகளில் அதே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள் என்பதை மறந்துவிட முடியாது.

பணம் தொலைந்தது ஒரு பக்கம். பொய்யான தேர்ச்சியால் 'முன்னேறிய' பார்க்ஸ் பள்ளி, பின்தங்கிய பள்ளிகளுக்கான மாநில, மத்திய உதவியில் 750,000 டாலரை இழந்ததாக விசாரணையாளர்கள் கணக்கிட்டார்கள். கூடுதல் ஆசிரியர்களையும் தனிப்பயிற்சியையும் அந்தப் பணம் வாங்கியிருக்கும். ஒரு தாய் தம் மகளின் கதையை வெளியே சொன்னார். மூன்றாம் வகுப்பில் வகுப்புத் தேர்வுகளில் தடுமாறிய பிள்ளை, மாநிலத் தேர்வில் மட்டும் உயர்ந்த மதிப்பெண் வாங்கியது. எப்படி என்று பள்ளியில் கேட்டார். திருப்தியான பதில் இல்லை. தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளைக்குத் துணைவகுப்பு கிடையாது என்றாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு அளவில்தான் வாசித்தாள்.

2015இல் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விடை மாற்றப்பட்ட பிள்ளைகளின் பிந்தைய மதிப்பெண்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாசிப்பிலும் ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். நடுநிலைப்பள்ளி மாணவர் ஓராண்டில் கற்பதில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரையிலான இழப்பு அது.

அந்தத் தேசியச் சட்டம் 2015 டிசம்பரில் வேறொரு சட்டத்துக்கு வழிவிட்டது. சி.ஆர்.சி.டி. தேர்வும் அதற்குச் சற்று முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. அட்லாண்டா மாவட்டம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் இன்னும் பள்ளியில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து உதவ, 'இலக்கு 2021' என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. அவர்களில் கடைக்குட்டிகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் ஆண்டுதான் 2021. அதற்குள் பலர் படிப்பை விட்டோ ஊரை விட்டோ போயிருந்தார்கள்.

மேல்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கடைசிச் சிலரின் வழக்கு 2024இல் முடிவுக்கு வந்தது. சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை என்ற உடன்பாட்டுக்கு அவர்கள் இசைந்தார்கள். நீதிமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கடிதத்தை வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாசித்தார்கள். 2009இல் அந்த வகுப்புகளில் பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்போது இருபது வயது கடந்துவிட்டிருந்தது.